அசலில் வந்தவன் நகலில் எப்படிச் சாவான்?

மதிப்பிற்குரிய ‘நீங்களே செய்யலாம்’ பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் வீட்டுக் கணினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் கணினி நலம். மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன இதழில், வீட்டில் கிடக்கும் பழைய பட டிவிடிகள் கெட்டுப்போவதற்குள் நாமே கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். அதற்கான மென்பொருளையும் சொல்லி, “பால் காய்ச்சத் தெரிந்தவர்கள் இதையும் செய்துவிடலாம்” என்று முடித்திருந்தீர்கள். ஐயா, தாங்கள் பால் காய்ச்சியதில்லை என்று அந்த ஒரு வரியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடியே பாதி ஆயுள் போய்விட்டது. கணவர் வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். இந்த விவகாரம் முழுக்க அவர் இல்லாத பாதியில் நடந்தது. வீட்டில் மாமா, அதாவது என் மாமனார், அத்தை, கல்லூரியில் படிக்கும் என் மகள், நான். மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான். வாடகைக்கு டிவிடி கொடுத்துக்கொண்டிருந்த கடையொன்றை மூடும்போது வாங்கி வந்தது. கறுப்பு வெள்ளை. நடித்தவர்கள் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு அதைப் போடுவார். கதாநாயகன் வெளியூருக்கு வேலைக்குப் போவான், கடிதம் போடுவான், கடிதம் நின்றுபோகும், கதாநாயகி ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருப்பாள், தூரத்தில் ரயில் கூவும், அவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அவ்வளவுதான், படம் அந்தச் சிரிப்பிலேயே உறைந்து சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்துவிடும். டிவிடியில் கீறல். மாமா அதைக் கீறல் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. “அவன் வந்துட்டான்ல, முடிஞ்சுபோச்சு. இதுக்கப்புறம் எழுத்துதான் ஓடும்” என்று டிவியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “சிரிச்சா பாத்தியா?” என்பார். நானும் “பாத்தேன் மாமா” என்பேன். தங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். என்னோடு மாமா நேராகப் பேசுகிற வாக்கியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் “உங்கம்மாகிட்ட சொல்லு” என்று என் மகள் வழியாக வரும். கோபமெல்லாம் கிடையாது, அவர் சுபாவம் அப்படி. எனக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பிளேயரில் நேரம் காட்டும் எண்ணைப் பார்த்தால் படத்தில் இன்னும் நிறைய பாக்கி இருப்பது தெரியும். நான் பார்ப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

அப்படியிருக்க, அந்தக் கீறல் முன்னால் நகர ஆரம்பித்தது. ஒரு நாள் அவள் ஸ்டேஷன் படி ஏறும்போதே நின்றது. அப்புறம் அவள் ஸ்டேஷனுக்கு வரும் குதிரை வண்டியிலேயே நின்றது. “என்ன, இன்னைக்கு வண்டியை விட்டே இறங்க மாட்டேங்கிறா?” என்று மாமா டிவிடியை எடுத்துப் பனியனில் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, எனவே எனக்கு வாக்கியமும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் தங்கள் கட்டுரை கண்ணில் பட்டது.

தாங்கள் சொன்னபடியே செய்தேன். “மொழி: தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் குழப்பமே இருக்காது” என்று எழுதியிருந்தீர்கள், அதையும் செய்தேன். ஐயா, அந்தத் தமிழை எழுதியவர் யார்? முதல் கேள்வியே “வட்டைக் கிழிக்கவா? கிழித்ததும் எரிக்கவா?” நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிப்பதற்குள், அடுப்படியிலிருந்து வந்த அத்தை எட்டிப் பார்த்து, “கிழிச்சிட்டு எரிக்கவான்னு வேற கேக்குதே, அவர் உன்னை என்ன பண்ணுவார் தெரியுமா?” என்று ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். என் மகள், “பாட்டி, கிழிக்கிறதுன்னா உள்ள இருக்கிற படத்தைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கிறது, எரிக்கிறதுன்னா அதைப் புது டிவிடியில ஏத்துறது” என்று விளக்கினாள். “அப்ப எடுக்கிறது ஏத்துறதுன்னே போடலாம்ல, இவனுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்றார் அத்தை. மெய்ப்புத் திருத்துகிறவளாகச் சொல்கிறேன், அத்தையின் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

சத்தம் கேட்டு மாமா வந்து நின்ற நேரத்தில், திரையில் பெரிய சிவப்புக் கட்டத்துக்குள், “உங்கள் மூலம் மிகவும் பழுதடைந்துள்ளது” என்று வந்தது. மாமாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. “இதுக்கு யாரு சொன்னா?” என்றார். “நான் யார்கிட்டயும் மூச்சு விடல” என்றார் அத்தை. “தாத்தா, மூலம்னா ஒரிஜினல் டிவிடி. அதுதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லுது.” “நீ சும்மா இரு. போன மாசம் டாக்டரும் இதையேதான் சொன்னாரு.” நான் அவசரமாக எதையோ அழுத்தினேன். “மூலத்தை வெளியே எடுத்து, துடைத்து, மீண்டும் செருகவும்” என்றது. மாமா அதன் பிறகு அந்த அறையில் நிற்கவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து, “ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்று மட்டும் குரல் வந்தது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அதற்கு அடுத்த கேள்வி. “மூலத்தில் பிழைகள் உள்ளன. பிழைகளைத் திருத்தவா? ஆம் / இல்லை.” ஐயா, என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? பிழையைத் திருத்தவா என்று கேட்டால் ‘இல்லை’ என்று அழுத்த என் விரலுக்குத் தெரியாது. இத்தனை வருடம் சம்பளம் வாங்கியதே அதற்குத்தானே. ஆம் என்று அழுத்திவிட்டு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு சமையலுக்குப் போய்விட்டேன்.

புது டிவிடி வந்தது. மாமா உட்கார்ந்தார். வண்டியிலிருந்து இறங்கினாள், படி ஏறினாள், ரயில் கூவிற்று, திரும்பினாள், சிரித்தாள். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “சிரிச்சா பாத்...” என்று அவர் என் பக்கம் திரும்பும்போது, படம் நிற்காமல் மேலே ஓடியது. வந்தது சரக்கு ரயில். அது நிற்காமலே போய்விட்டது. அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்புறம் ஒரு தந்தி. அவன் வந்துகொண்டிருந்த ரயில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டதாம். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாமா எழுந்தார், ரிமோட்டைத் தேடவில்லை, சுவிட்சையே அணைத்தார்.

“நீங்க வேற படத்தைப் போட்டுட்டீங்க” என்றார் பொதுவாக எல்லோரையும் பார்த்து. அதே படம்தான் தாத்தா என்று மகள் சொன்னதற்கு, “அசல்ல வந்தவன் நகல்ல எப்படிச் சாவான்?” என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள். பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். அசலைப் போட்டுக் காட்டலாம் என்றால் அது இப்போது பிளேயருக்குள் போய் விர்ரென்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. மாமா அன்றிலிருந்து டீயைக் குடித்துவிட்டு அணைந்திருக்கும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். “செத்தது சினிமாவுலதானே, இவர் ஏன் சட்டையைக்கூட மாத்தாம உக்காந்திருக்காரு?” என்று அத்தை என்னிடம் கேட்கிறார். நான் அச்சகத்தில் பக்கம் பக்கமாகப் பிழை திருத்திக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதர் ஒரு கீறலை நம்பி இத்தனை வருடம் சந்தோஷமாக இருந்திருக்கிறார். நான் போய் அதைச் சரிசெய்துவிட்டேன். இனி அவர் யாரைப் பார்த்து எதைக் கேட்பார்?

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை என்பது என் புகார் அல்ல. வேலை செய்துவிட்டது, அதுதான் புகார். நீக்கிய பிழையை அதே இடத்தில் திரும்ப வைப்பது எப்படி என்று அடுத்த இதழிலேயே எழுத வேண்டும். பால் காய்ச்சத் தெரிந்தவர்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். எழுதாவிட்டால் என் சந்தாவை நிறுத்திவிடுங்கள். தங்கள் பகுதியை இனி எங்கள் வீட்டில் யாரும் படிக்க மாட்டோம். படித்தாலும் செய்ய மாட்டோம்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். குழந்தைகள் நன்றாகப் படித்து, யாரும் கேட்காமல் யாருக்கும் யோசனை சொல்லாதவர்களாக வளர வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. மாமா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், அத்தை சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்திருக்கிறார். அவன் சாகவில்லையாம்! பாதி வழியில் யாரோ ஒருவனுக்குத் தன் கோட்டைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறான், செத்தது அந்தக் கோட்டுக்காரன். கடைசியில் அதே ஸ்டேஷன், அதே கூவல், அதே சிரிப்பு. இந்த முறை ரயில் நின்றது, அவன் இறங்கினான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முடிந்து எழுத்து ஓடியது. “நான்தான் சொன்னேனே, எழுத்துதான் ஓடும்னு” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, நேராக அடுப்படிக்கு வந்து, என் மகளைத் தேடாமல் என்னிடமே, “நகல்ல இருந்த தப்பைத் திருத்திட்ட போல. பரவாயில்ல, நல்லா வேலை தெரிஞ்சிருக்கு உனக்கு” என்றார்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் பிரசுரிக்க வேண்டாம். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். இனி எந்தப் பிழையையும் யோசித்துத்தான் திருத்துவேன். நகலில் நான் கை வைக்கவே இல்லை என்றாலும், மாமா சொன்னதில் இருந்த அந்தப் பிழையைத் திருத்தவில்லை. “சரி மாமா” என்று மட்டும் சொன்னேன்.