கல்லூரிக்குப் போன பழத்தட்டு

நல்ல காரியத்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது எங்கள் குடும்ப விதி. பொறியியல் கல்லூரியில் இடம் கேட்பதும் நல்ல காரியம்தான் என்று அப்பா முடிவு செய்தார். ஏரலிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்கு வேன் நிறைய ஆட்களுடன் கிளம்பினோம். அத்தை மடியில் பழத்தட்டு. (பூவும் வைத்திருப்பாள். அம்மா தடுத்துவிட்டாள்.)

அப்பாவுக்கு மளிகைக்கடை. பருப்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம் மகள் இன்ஜினியராகப் போவதைச் சொல்லியிருந்தார். மகளோ, கணக்குக்குப் பயந்து, பத்தாம் வகுப்போடு அதை விட்டுவிட்டு, தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவில் ஒளிந்துகொண்டவள். நான் கேட்கவிருந்த பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கின் பெயரிலேயே 'பயோ' இருக்கும்போது கணக்கை யார் கேட்கப்போகிறார்கள் என்று நம்பினேன். (எதையும் விசாரிக்கும் பழக்கம் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகுதான் வந்தது.)

சேர்க்கை அலுவலர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மேக்ஸ் எங்கம்மா?"

படிக்கவில்லை என்றேன். ப்ளஸ் டூவில் கணக்கு இல்லாமல் இங்கே சேர முடியாது என்றார்.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சார், தாவரவியல்ல தொண்ணூத்தாறு இருக்கு. அதுல கொஞ்சத்த எடுத்து கணக்குல சேத்துக்கிடக் கூடாதா?"

"அப்படி மாத்த முடியாது அண்ணாச்சி."

அத்தை பழத்தட்டை நீட்டினாள். அலுவலர் மரியாதைக்கு ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார். அன்று அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான்.

வேன் ஏரலுக்குத் திரும்பியது. அப்பா இனி எந்த முகத்தோடு பருப்பு நிறுப்பார் என்பதே என் கவலை. கடை வாசலில் பக்கத்துக் கடைக்காரர் காத்திருந்தார். முடிந்ததா என்று கேட்டார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஒத்துவராத சம்பந்தத்தைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "இல்ல அண்ணாச்சி. நமக்குப் பிடிக்கல. வேண்டாம்னுட்டு வந்துட்டோம்."

வேனே தலையாட்டியது. "அங்கன தண்ணியும் உப்பு" என்றாள் அத்தை.

அதன்பின் எங்கள் வீட்டில் யாருக்கு எது கைநழுவினாலும் அங்கே தண்ணீர் உப்புதான். தாவரவியலில் பட்டம் வாங்கிய பிறகு நான் முதலில் வேலை கேட்ட பத்திரிகை என்னை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். "அப்பா, அந்தப் பத்திரிகையில..." என்று ஆரம்பித்தேன். அப்பா முடிக்க விடவில்லை.

"ஏளா, வேண்டாம்னுட்டமா?"

ஆமாம் என்றேன். உள்ளே திரும்பி, அத்தையிடம் அவர் சொல்வது கேட்டது: "அங்கனயும் உப்புதானாம்."