சின்னவளை அனுப்ப வேண்டாம் என்று அத்தானுக்கு எழுதியது

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் தங்கள் மகள் சின்னவளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று உட்கார்ந்து எழுதத்தான் நினைத்தேன். உட்கார முடியவில்லை, ஆகவே என் பைப் கடைக் கவுண்டரில் தாளை விரித்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும், நானும் சாய்ந்துதான் நிற்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் ஆடும் ஆட்டத்தில் சின்னவளும் சேர ஆசைப்படுகிறாள், அது கௌரவமான ஆட்டமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன், கௌரவத்தைப் பிறகு தேடலாம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஆணும் பெண்ணும் கலந்துதான் ஆட வேண்டும். ஆணோ பெண்ணோ நாலு பேருக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொருவரும் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் பைப்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அதை விடாமல் ஓட வேண்டும். பந்தை எதிரியின் வளையத்துக்குள் எறிய வேண்டும். பந்து வைத்திருப்பவரை யார் வேண்டுமானாலும் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம், ஆனால் ஒற்றைக் கையால்தான் தள்ள வேண்டும். இதுதான் அதில் உள்ள ஒரே நாகரிகம்.

மூன்று மாதத்துக்கு முன் இதை முதல்முறை பார்த்தபோது, மகளின் சிநேகிதர்கள் எதிரிலேயே, "இது என்னம்மா, துடைப்பக்கட்டை ஆட்டம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது "சாவி எங்கே", "சாப்பாடு மேசைல இருக்கு" என்ற இரண்டு வாக்கியங்களோடு நின்றுபோனது. இதற்கிடையே அந்தச் சிநேகிதர்கள் எல்லாம் வேலை கிடைத்து ஊருக்கு ஒருவராய்ப் போய்விட, குழுவில் இவள் ஒருத்திதான் மிச்சம். இந்தச் சனிக்கிழமைக்குள் ஏழு பேர் கணக்குக் காட்டாவிட்டால் போட்டி நடத்துகிறவர்கள் குழுவின் பெயரையே அடித்துவிடுவார்களாம். இதுவும் என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் கடைக்கு வந்தாள். கவுண்டரில் ஒரு சீட்டை வைத்தாள். "முக்கால் இஞ்ச், ஒரு மீட்டர், ஏழு. நுனி கூரா இருக்கக்கூடாது" என்று எழுதியிருந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. நான் அறுத்து, உப்புத்தாள் போட்டு உரசினேன். அதோடு விட்டிருக்கலாம். இப்படி வழவழப்பாக இருந்தால் காலிடுக்கில் நழுவுமே என்று, முப்பது வருட அனுபவத்தில், ஒவ்வொரு பைப்பின் பின்நுனியிலும், குழாய் திரும்பும் மூலையில் போடுகிற வளைந்த துண்டு, ஓர் எல்போவைச் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். மகள் மனம் குளிரும் என்று நினைத்தேன்.

புதியவர்களுக்கான அறிமுக நாள் என்று தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தாள். வந்தவர்கள் மூன்று பேர்: மருந்துக்கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், பல் டாக்டரின் கம்பவுண்டர். பைப் கொடுக்கப் போன நான் நாலாவது. என் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுக்க வந்த என் மனைவி, உங்கள் தங்கச்சியும் பிடிபட்டாள். மகள் தன்னையும் சேர்த்து மூன்று பேருக்கு மூன்று பேர் என்று பிரித்து விட்டாள்.

மாஸ்டர் திரும்புவதற்கு முன் கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார். மருந்துக்கடைக்காரர் ஒவ்வொருவரையும் தள்ளுவதற்கு முன், "வலிச்சா கடைக்கு வாங்க, ஆயின்மென்ட் இருக்கு" என்கிறார். எனக்குப் பந்து மூன்று முறை வந்தது, மூன்று முறையும் மார்பில் பட்டுத் திரும்பிப் போனது. பைப்பைக் கீழே போடாதே என்று ஆயுள் முழுக்க ஊரைத் திட்டியவன், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டால் பந்தை எதால் பிடிப்பது? நாலாவது தடவை எப்படியோ பிடித்துவிட்டேன். அவ்வளவுதான் அத்தான். இருபது வருடமாக நூலகத்தில் உட்கார்ந்து "சத்தம் போடாதீங்க" என்று சொன்ன உங்கள் தங்கச்சி, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து கவிழ்த்தாள். கல்லானாலும் கணவன் என்பார்கள். கல் என்று நினைத்துத்தான் உருட்டினாள்.

"அடி பட்டுச்சாங்க?"

"படாம? ஏன்டி, என்ன கோபம் உனக்கு?"

"கோபமா? ஆட்டங்க. பந்தைக் கொடுங்க."

எழுந்து பார்த்தால் அந்தப் பக்கம் மாஸ்டரும் மருந்துக்கடைக்காரரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். நான் ஒட்டிய எல்போ இரண்டும் கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொண்டிருந்தன. பைப்பை விட்டால் சட்டப்படி வெளியே போக வேண்டும் என்று இருவருமே விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"சார், நான் லெஃப்ட்ல போறேன், வழி விடுங்க."

"நானும் அதைத்தான் சார் சொல்றேன், நீங்க முதல்ல ரிவர்ஸ் எடுங்க."

மகள் ஓடிவந்தாள், எல்போவைத் திருகிப் பார்த்தாள். "இதை யார் ஒட்டினது?" என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். "அப்பா, உங்களை யாரு கேட்டா?" என்றாள். மூன்று மாதத்தில் முதல் "அப்பா". எனக்கு இடுப்பு வலித்ததா இல்லையா என்று அப்போது தெரியவில்லை.

இருந்தாலும் பெரியவனாக என் கடமையைச் சொல்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம். சின்னவளுக்கு இந்த ஆட்டம் வேண்டவே வேண்டாம். கேரம் நல்ல விளையாட்டு, உட்கார்ந்தே ஆடலாம். அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி அவள் மனதைக் கலக்க வேண்டாம்.

எல்லோரும் கை கால் சுகத்தோடு நீடூழி வாழ வேண்டும் என்று, அவற்றின் அருமையை இந்த வாரம் அறிந்தவனாக வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மகள் வந்தாள். புதுச் சீட்டு ஒன்றைக் கவுண்டரில் வைத்தாள்: "ஆண் நாலு, பெண் ரெண்டு." பிறகு, "ஒரு பொண்ணு குறையுதுப்பா" என்றாள், வாயாலேயே. ஆகவே அத்தான், மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கௌரவமான ஆட்டம்தான். சின்னவளை வெள்ளிக்கிழமையே பஸ் ஏற்றிவிடவும். அவளுக்குத் தோதுப்படாவிட்டால் அக்காவை அனுப்பவும். சின்ன வயதில் என்னைக் கட்டிலிலிருந்து ஒற்றைக் கையால் தள்ளியவள், அது இங்கே சட்டப்படி செல்லும். ஏழாவது பைப்பின் எல்போவை அறுத்தெறிந்து, நுனியை மறுபடி உரசி, கவுண்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து முக்கால் இஞ்ச் கேட்டு வருகிறவர்களிடம் ஸ்டாக் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.