சேலை எப்போது வலையாகிறது

குடத்து வாயில் சேலையை நாலாக மடித்து இறுக்கிக் கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறேன். சற்றுமுன்வரை நான் உடுத்தியிருந்த சேலை. அதனால் இன்று பெருநாள் சேலையோடு குளத்தில் நிற்கிறேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்கள். கல்யாணம் இல்லை, சட்டம்.

பலேஷ்வர் ஆறு கடலைத் தொடும் இடத்தில் எங்கள் ஊர். பங்குனியில் ஆற்றில் உப்பேறும், குளம் பச்சையாகும், தண்ணீரில் பொடிப்பூச்சிகள் துள்ளும். காலராக் கிருமி அந்தப் பூச்சிமேல் தொற்றிக்கொண்டு வருமாம். பழஞ்சேலையை நாலு மடிப்பாகப் போட்டு வடித்தால் பூச்சி மேலே நின்றுவிடும் என்று ஊசி போட வந்த அக்கா சொன்னாள். போன வருஷம் என் மகள் டுக்டுகி வாடின கீரைத்தண்டாகக் கிடந்து பிழைத்தாள். அன்றுமுதல் வடிக்காத தண்ணீரை அவளுக்குக் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை, கரையோர நீர்ச்சிற்றுயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஹெமாயெத் சார் வந்தார். கூடவே அளவுகோலோடு குமாஸ்தா நிகுஞ்சோ பாபு.

சார் குடத்து வாயில் கட்டியிருந்த பழஞ்சேலையைக் காட்டினார். "இது என்னம்மா?"

"சேலைங்க."

நிகுஞ்சோ பாபு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சார், வலைன்னா கண்ணியில விரல் போகணும்னு சட்டம். இதுல ஊசிமுனைகூடப் போகல."

"அப்ப இது தடைசெய்யப்பட்ட வலை. மீனோட தீவனத்தையே பிடிக்கிறியா?"

"அதுமேலதான் காலரா வருதுங்களே..."

"காலரா வேற துறை. பூச்சி எங்க துறை. ஏறி வந்தவன் திருடன்னா படகையா ஜெயில்ல போடுறது?"

முந்தானையை இழுத்துக்கொண்டேன். அதைப் பார்த்த நிகுஞ்சோ பாபு, "உடம்புல இருக்கிறது, சார்?" என்றார்.

சார் யோசித்தார். "தண்ணியில நனையாத வரைக்கும் அது சேலை."

என் வீட்டுக்காரர் மொசாரஃப் காதோடு சீறினார்: "குடுத்துத் தொலை, டுக்டுகி அம்மா! கட்டிலுக்கு அடியில குனிஞ்சான்னா நான் செத்தேன்."

கட்டிலுக்கு அடியில் நிஜ வலை. கொசுவலையை வெட்டி இறால்குஞ்சு பிடிக்கத் தைத்தது. ஊரின் பன்னிரண்டு வீட்டிலும் உண்டு. ஆகவே பன்னிரண்டு வீட்டு ஆம்பிளைகளும் பெண்டாட்டி சேலையைச் சிரித்தமுகமாய்க் கொண்டுவந்து கொடுத்தார்கள். சார் எங்கள் கட்டிலில் உட்கார்ந்தே எழுதினார்: "பன்னிரண்டு வலைகள் பறிமுதல். பொதுமக்கள் ஒத்துழைப்பு மெச்சத்தக்கது."

கரையில் போட்டு எரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். புகையில் தொண்டை வறண்டு, சார் எங்கள் குடத்தில் வடிக்காமல் மொண்டுவைத்திருந்ததையே இரண்டு குவளை குடித்தார்.

"ஜில்லுனு இருக்கே. இதையா வடிக்கிறீங்க?"

மூன்று நாள் டுக்டுகிக்கு இளநீர்தான் கொடுத்தேன். இன்று காலை மரத்தில் கடைசிக் காயும் தீர்ந்தது.

பலன் எப்படி என்று பார்க்க சார் இன்று திரும்பி வந்தார். குளத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை முக்கி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். "சிற்றுயிர்கள் திருப்திகரமாகப் பெருகியுள்ளன" என்று எழுதினார். கையெழுத்துப் போடுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஏழு தடவை ஓடிவிட்டு எங்கள் கட்டிலிலேயே விழுந்தார். கூட்டிப்போகும் படகு கடல் ஏறும்போதுதான் வரும். அவருக்கு அடியில் வலை. அதை எடுக்க முடியாமல், ஆற்றுக்கும் போகமுடியாமல், மொசாரஃப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறார்.

உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைக்கத் தண்ணீர் வேண்டுமே. அப்போதுதான் பெருநாள் சேலைக்கு மாறி, உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்தேன். சார் ஈனக்குரலில் கேட்டார்: "அம்மா, அது... வடிச்ச தண்ணிதானே?"

"வலைங்களே, சார்."

"நான் கண்ணை மூடிக்கிறேன். நீ வடி."

மற்ற வீடுகளில் மாற்றுச்சேலை கிடையாது. என் ஒரு சேலைக்குப் பின்னால் பதினோரு குடம் வரிசையில் நிற்கிறது. தண்ணீரோ சொட்டுச்சொட்டாகத்தான் இறங்கும். முதல் குவளை நிறைந்ததும் சாருக்குப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. விருந்தாளியாம். வாசலில் டுக்டுகி காலிக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மூன்றாவது நிறைகிறது. இதை யாருக்கும் கொடுப்பதாயில்லை. முந்தானையைக் கீழே விட்டு, எல்லார் முன்னாலும் வாய்திறந்து சொல்லப்போகிறேன், சார், இது என் பிள்ளைக்கு, நீங்கள் வேண்டுமானால் உங்கள் திருப்திகரமான சிற்றுயிர்களையே...

"டுக்டுகி அம்மா! சார் கேக்கிறாரு, சீக்கிரம் கொண்டா!"

முந்தானையை இழுத்துக்கொண்டு குவளையைத் தூக்குகிறேன். "இதோ, வந்துட்டேங்க."