எருக்குழிக்கு முன்னால் ஒரு தோல் துண்டு

நான் செய்த தப்புக்கு, பார்வையில்லாத ஒரு பெண்ணின் மேல் பழி போட்டிருக்கிறேன். நாலு பேர் நடுவில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குரல்கூட நடுங்காமல் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துச் சிலர் சிரிக்கலாம். சிரித்த கையோடு என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பம்பாயில், மாதுங்காவில் வீடு, ஃபோர்ட்டில் வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சீட்டாடினார்கள், நான் சமூக சேவை செய்தேன். (செய்ததாகத் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னேன் என்பது இன்னும் பொருத்தம்.) செம்பூரில் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு காய்கறிப் பண்ணை இருந்தது. பார்வை இல்லாதவர்களும், காது கேளாதவர்களும், போலியோவில் கால் பாதிக்கப்பட்டவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம். பாலக் கீரை, வெந்தயக்கீரை, புதினா எல்லாம் விளைந்து தாதர் மார்க்கெட்டுக்குப் போகும். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு மராத்தி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் 'தாயி', அதாவது அக்கா.

மரியம் அங்கே வேலை பார்த்தாள். தாராவிப் பெண், முப்பது வயதிருக்கும், பிறவியிலேயே பார்வை இல்லை. பண்ணையில் இடுப்புயரத்துக்கு மூங்கில் நட்டு, பாத்திகளை ஒட்டித் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தார்கள். பார்வை இல்லாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கயிற்றில் அங்கங்கே அடையாளங்கள்: பாலக் பாத்திக்குச் சாக்குக் கிழிசல், புதினாவுக்கு வெல்வெட் துணி, எருக்குழிக்கு முன்னால் ஒரு தோல் துண்டு. தோல் கையில் பட்டால் கயிறு முடிகிறது, நில், வலப்பக்கம் திரும்பு என்று அர்த்தம். அடையாளங்களைக் கட்டிப் பராமரிப்பது மரியத்தின் பொறுப்பு. முதல் நாளே தாயி இதையெல்லாம் எனக்கு விளக்கினாராம். நான் அந்த நேரம், இந்தச் சேவையை எங்கள் வங்கி மேனேஜர் காதில் எப்படிப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போட்டும்விட்டேன். அவர் ஒரு ஞாயிறு பண்ணையைப் பார்க்க வருவதாகச் சொன்னார். என் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது.

மரியத்துக்கும் அந்த ஞாயிறு முக்கியமான நாள். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருந்த அவள் அண்ணன் காதர் பாய்தான் தினமும் அவளை சயானில் ரயிலேற்றி, குர்லாவில் மாற்றி, செம்பூரில் கொண்டுவந்து விடுவார். தனியாக வர அவளுக்குக் கொள்ளை ஆசை. மாதக்கணக்கில் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். விருந்தாளிக்குப் பண்ணையைச் சுற்றிக் காட்டுவது எப்போதும் அவள்தான். அன்று அண்ணன் கூடவே வந்து பார்ப்பார். எங்கும் தடுமாறாமல் காட்டிவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவள் தனியாக வரலாம்.

அன்று எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். கயிறு முழுக்க அழுக்குக் கந்தல் தொங்குவதைப் பார்த்தேன். மேனேஜர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? எல்லாவற்றையும் கத்தரித்து என் ஜோல்னாப் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிறு நெடுக வண்ணக் காகிதத் தோரணம் கட்டினேன். அத்தோடு விட்டேனா? எருக்குழி நாறுகிறதே என்று அதைச் சுற்றி ஒரு டப்பா ஃபினாயிலைக் கொட்டினேன். கையை நம்ப வழியில்லாமல் செய்தாயிற்று, மூக்கை மட்டும் ஏன் விட்டுவைப்பது?

மேனேஜர் வெள்ளை பேன்ட்டும் பளபளக்கும் ஷூவுமாக வந்தார். மரியம் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளை ஒட்டி மேனேஜர், பின்னால் தாயி, காதர் பாய், நான்.

"இது என்ன சார்வாள், கயித்துல பேப்பரு?"

"அலங்காரம்மா."

"அலங்காரமாக்கும்! நேத்துவரைக்கும் நல்லா இருந்த கயிறுக்கு இன்னைக்கு என்ன கல்யாணமா?"

எல்லோரும் சிரித்தோம். கந்தலுக்கு மேலே காகிதம் கட்டியிருக்கிறது, தோல் எப்படியும் கையில் படும் என்று அவள் நம்பியிருக்க வேண்டும். பாலக்கின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனாள். தோல் வரவே இல்லை. முழங்கால் வரை எருக்குழியில் இறங்கிவிட்டாள். அவளைப் பிடிக்கப் பாய்ந்த மேனேஜர் முழுசாகப் போய் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காருவதைப் போலத்தான் உட்கார்ந்தார், கையில் தாயி கொடுத்த பூங்கொத்து அப்படியே இருந்தது.

இருவரையும் வெளியே இழுத்தோம்.

"மரியம், க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று கேட்டார் தாயி.

"தோலு இல்ல தாயி. தோலு எங்க?"

தாயி என்னைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். எருவும் ஃபினாயிலும் சேர்ந்து அவர் சட்டையில் வழிந்துகொண்டிருந்தன.

"நான் காகிதம் மட்டும்தான் கட்டினேன். நான் வந்தப்பவே அங்க தோல் எதுவும் இல்லையே" என்றேன்.

அப்படியென்றால் கட்ட வேண்டியவள் கட்டவில்லை என்றுதானே பொருள்? மரியம் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"போதும். வீட்டுக்கு வா" என்றார் காதர் பாய்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஜோல்னாப் பையைத் துவைக்க எடுத்தாள்.

"ஏன்னா, சேவைக்குப் போனேளா, செருப்பு தைக்கப் போனேளா? பைக்குள்ள ஒரே தோலும் கந்தலுமா இருக்கு!"

நடந்ததைச் சொன்னேன். சிரிக்கத் தயாராக இருந்த அவள் முகம் மாறிவிட்டது. "அந்தப் பொண்ணு மேலயா சொன்னேள்?" என்று மட்டும் கேட்டாள். துவைத்த பையைக் கொடியில் போட்டாள், தோல் துண்டை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. மரியம் பண்ணைக்கு வராமலே இரண்டு ஞாயிறு போனபின், அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

பட்டறையில் காதர் பாய் முன்னால் தோலை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே மனம் மாறிவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப அவ மேல தப்பில்ல."

"இல்லவே இல்ல பாய்."

"அதான் சார் எனக்குப் பயமே. அவ தப்புன்னா திருத்திக்கிடலாம். உங்கள மாதிரி ஆளு ரயில்ல எத்தன பேரு இருப்பான்? இனிமே சத்தியமா அனுப்ப மாட்டேன்."

உண்மையைச் சொல்லி நிலைமையை இன்னும் கெடுத்துவிட்டேன். அப்போது உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காக்கா, காலிபீலி, சும்மா பயப்படாதிய. ரயிலு தண்டவாளத்துலல்லா ஓடுது. அத இவரால அவுக்க முடியாது." (அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

காதர் பாய் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மரியம் வெளியே வந்தாள்.

"சார்வாள், உங்க ஆபீஸ் பெரிய மனுசன்ட்ட சொல்லிட்டீரா?"

"இன்னும் இல்ல."

"காக்காட்ட சொல்றது சுளுவு. காக்கா உமக்குப் புரமோசன் தரப் போறதில்ல. அங்க போயிச் சொல்லும்."

மறுநாள் போய்ச் சொன்னேன். மேனேஜர் மேசைக்கு அடியில் தன் ஷூவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஃபினாயிலும் நீதானா?"

"நான்தான் சார்."

அந்த ஆண்டு பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மனைவியிடம் சொன்னேன். நானே நம்பாததை அவள் எப்படி நம்புவாள்?

காதர் பாய் இறங்கிவர மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. ஆறு மாதம் தனியாக ரயிலேறியிருக்க வேண்டியவள், என்னால் அத்தனை காலம் பட்டறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவள் செம்பூரில் தனியாக இறங்கினாளாம். நான் பார்க்கவில்லை. தாயிதான் சொன்னார்.

மன்னித்தேன் என்று மரியம் ஒருபோதும் சொன்னதில்லை. "சார்வாளுக்கு எரு கிண்டுற வேலையக் குடுங்க தாயி, அங்க கயிறு இல்ல" என்று மட்டும் சிபாரிசு செய்தாள். பண்ணை இருந்தவரை ஞாயிறுதோறும் எரு கிண்டினேன். விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டப் புறப்படும்போதெல்லாம் அவள் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் சத்தமாகக் கேட்பாள்:

"சார்வாள், கை எங்க இருக்கு?"

"பின்னால கட்டியிருக்கேன்மா."

அதற்குப் பிறகுதான் நடப்பாள்.

இந்தக் கேள்வி எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் மேசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நான் எழுந்தால், அடுக்களையிலிருந்து மனைவி கேட்பாள், "கை எங்க இருக்கு?" மகன் கேட்பான். மரியத்தைப் பார்த்தே இராத என் மருமகளும் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். யாரும் பார்க்காதபோதும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன்.