வால்நேராவின் காவலனுக்குப் பொன்னாடை

ஐரோப்பியக் கால்பந்தின் தலைவிதி லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில்தான் தீர்மானிக்கப்படுகிறது. ஐரோப்பா இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 'சங்குமுனை மக்கள் மன்றம், ஐக்கிய இராச்சியம்' என்னும் பேரமைப்பு அதற்காக மனம் நோகவுமில்லை. ஒரு கண்டத்தின் அறியாமையைப் பொறுத்துப்போகும் பெருந்தன்மை அதற்கு எப்போதோ வந்துவிட்டது.

அந்த மன்றத்தின் நிர்வாகசபையில் றூபனும் ஓர் உறுப்பினர். மன்னார்க் கரையோரத்துச் சங்குமுனையில் கரைவலை இழுத்து முறுகிய உடம்பு. லண்டனில் மீன் குளிரறை ஒன்றில் பெட்டி தூக்கித் தேய்ந்த உடம்பு. மன்றம் அவரை அவருடைய தகுதிக்கேற்ற பொறுப்பில் வைத்திருந்தது. கதிரை அடுக்குவது, பதாகை கட்டுவது, சோற்றுச் சட்டியை வான் வண்டியிலிருந்து இறக்குவது ஆகிய 'கலாசாரப் பணிகள்' முழுவதும் அவர் கையில். மேடையில் ஏறியதில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு விழாவிலும் ஏறினார், சனம் போன பிறகு, கூட்டுகிற தும்புத்தடியோடு.

அவருடைய மகன் ஜெராட் அன்டோறா நாட்டு முதற்பிரிவு லீக்கில், வால்நேரா என்ற கழகத்துக்குக் கோல்காப்பாளனாகப் போகிறான் என்ற செய்தி வந்தது. அதுவரை "டேய் றூபன், அந்த வாங்கிலைப் பிடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த தலைவர் செபமாலைமுத்து, மறுநாளே "திரு. றூபன் அவர்களே, அந்த வாங்கிலைப் பிடியுங்கோ" என்றார். சமூக மாற்றம் என்றால் இதுதான்.

அன்டோறா என்பது பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில், மலை இடுக்கில் சொருகி வைத்த நாடு. விமான நிலையம் கிடையாது. ரயில் நிலையம் கிடையாது. ஆனால் முதற்பிரிவு லீக் உண்டு. பாப்பரசருக்கே கோல்காப்பாளன் போனதுபோல் மன்றம் கொண்டாடியது. வால்நேராவின் முன்கள வீரர் வெதுப்பகத்தில் பாண் போடுகிறவர். நடுக்களம் தபால்காரரிடம். முதற் கோல்காப்பாளருக்குத் தீயணைப்புப் படையில் வேலை. ஜெராட் இரண்டாவது காப்பாளன். அதாவது களத்துக்கு வெளியே மாற்று ஆளாக வாங்கிலில் இருப்பவன். போட்டி பார்க்க வருகிற கூட்டம், ஈஸ்ட் ஹாமில் ஒரு சாமத்தியவீட்டுக்கு வருகிற கூட்டத்தில் பாதி. இந்த விவரங்கள் எதையும் மன்றம் தன் வட்ஸ்அப் குழுவில் வெளியிடவில்லை. பெரிய செய்திகளைச் சின்ன விவரங்களால் கெடுப்பது அதன் வழக்கமல்ல.

பருவம் தொடங்கியது. வால்நேரா முதற்போட்டியில் நாலு கோல் வாங்கித் தோற்றது. மன்றம் அறிவித்தது: 'எமது வீரன் களமிறங்காத நிலையில் அணி வீழ்ச்சி.' அடுத்த போட்டி சமநிலை. மன்றம் அறிவித்தது: 'வாங்கிலில் எமது வீரன்; எதிரணி திணறல்.' ஜெராட் குளிரில் போர்வைக்குள் சுருண்டு கொட்டாவி விட்ட படம் ஒன்று வந்தது. அதன் கீழே, 'ஆழ்ந்த வியூகச் சிந்தனையில்' என்று எழுதப்பட்டது.

தாய் பெர்னடெற்றுக்கு வியூகம் தெரியாது. மகன் மார்கழிப் பனியில் சும்மா குந்தியிருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. பாடசாலைச் சமையலறையில் வேலை முடிந்து வரும்போது கோயிலுக்குள் நுழைந்து அந்தோனியாருக்கு முன்னால் நின்றாள்.

"அந்தோனியாரே, ஒரேயொரு மச்சுக்கு என்ர பிள்ளையை இறக்கிவிடும். அந்த நெருப்பணைக்கிற மனிசனுக்கு அண்டைக்கு வேலை வாற மாதிரி ஒரு சின்ன நெருப்பு போதும். ஒருத்தருக்கும் சேதம் வரக்கூடாது. ஒரு வைக்கோல் பட்டடை, இல்லாட்டி ஆளில்லாத கொட்டில்."

அந்தோனியார் பனிக்காலம் முழுக்க யோசித்தார். வைகாசி பிறந்தது. வால்நேரா கீழிருந்து இரண்டாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் போட்டியில் சமநிலை எடுத்தால் முதற்பிரிவில் நிற்கலாம். தோற்றால் இறங்க வேண்டும். அதற்கு முந்திய போட்டியில்தான் அற்புதம் நடந்தது. தண்டனை உதை ஒன்றைப் பற்றிய வாக்குவாதத்தில், நடுவரின் வீடு பற்றிக்கொண்டால் தான் அவசரப்பட்டு வரப்போவதில்லை என்று தீயணைப்பு வீரர் களத்தின் நடுவில் நின்று அறிவித்தார். சிவப்பு அட்டை. அடுத்த போட்டிக்குத் தடை.

றூபன் குளிரறை வாசலில் சூடை மீன் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"அப்பா, ஐ'ம் பிளேயிங்!"

"எங்கையடா?"

"கோலுக்கை அப்பா! வேற எங்கை? நெக்ஸ்ட் சண்டே. லாஸ்ட் மச்."

றூபன் பெட்டியை அப்படியே நிலத்தில் வைத்தார். மேற்பார்வையாளன் திட்டினான். அவருக்கு அது வாழ்த்துப்பாடலாகக் கேட்டது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. ஒரு பருவம் முழுக்கப் போர்வைக்குள் இருந்தவன். பெட்டி தூக்கித் தூக்கி நிமிராமல் போன தன் விரல்களை றூபன் பார்த்தார். பந்து பிடிக்கிற விரல்களாவது இந்தக் குடும்பத்தில் வந்துவிட்டன.

பிறகுதான் நினைவு வந்தது. போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை மகனுக்குப் பொன்னாடை.

இந்தப் பாராட்டு விழா மாசி மாதமே நிச்சயிக்கப்பட்ட ஒன்று. எதற்காகப் பாராட்டு என்று கேட்பவர்களுக்கு வரலாறு தெரியாது. மன்றத்திலிருந்து பிரிந்துபோன 'சங்குமுனை மக்கள் ஒன்றியம்' அதற்கு முன்பே ஒரு நீச்சல் பயிற்றுநருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டது. ஒலிவாங்கியை முதலில் யார் பிடிப்பது என்ற கொள்கைப் பிரச்சினையில் பிரிந்த இரு அமைப்புகளும், அன்டோறா என்றதும் பகை மறந்து 'வரலாற்று ஒற்றுமை' கண்டன. ஒற்றுமையின் விளைவாக எல்லாம் இரண்டானது. இரண்டு தலைவர்கள், இரண்டு வரவேற்புரை, இரண்டு நன்றியுரை.

அவசரக் கூட்டம் அப்டன் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் கூடியது.

"விழாவை ஒரு கிழமை தள்ளி வைப்பமோ?" என்று றூபன் கேட்டார்.

நத்தாரை ஆடிக்கு மாற்றுவோமா என்று கேட்டதுபோல் எல்லோரும் பார்த்தார்கள்.

"மண்டபம் எடுத்தாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு" என்றார் செபமாலைமுத்து. "பிரதம விருந்தினர் டொக்டர் கிங்ஸ்பரியிலை இருந்து வாறார். கிங்ஸ்பரி என்ன பக்கத்திலையே? லண்டன்ர மற்ற அந்தம்."

"அப்ப மச்?"

"மச் எல்லா வரியமும் வரும்."

"அப்ப பெடியன் இல்லாமச் செய்யுங்கோ. பொன்னாடையை நான் வாங்குறன்."

ஒன்றியத்தின் தலைவி பியற்றிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "நீங்கள் எந்த லீக்கிலை விளையாடுறியள் அண்ணை?" என்றார்.

றூபன் விடவில்லை. "சரி, ரெண்டு மணிக்கு விழா தொடங்கினவுடனை பொன்னாடையைப் போர்த்துங்கோ. நாலரைக்குள்ளை நான் அவனை ஏர்போட்டுக்குக் கொண்டு போயிடுவன்."

"முதல்லையே போர்த்தினா, பிறகு எங்கட பேச்சை ஆர் கேக்கிறது?"

"சாப்பாடு கடைசியிலைதானே, தங்கச்சி. சனம் நிக்கும்."

"சாப்பாட்டுக்கு நிக்கிற சனம் கார் பார்க்கிலை நிண்டு கதைக்கும். பொன்னாடைக்கு இருக்கிற சனம்தான் கதிரையிலை இருக்கும்" என்றார் பியற்றிஸ். முப்பது விழா கண்டவர்.

இறுதியில் அறிவு வென்றது. விழாவைச் சரியான நேரத்தில் முடிப்பதற்காக, அமைப்புக்கு ஒருவர் வீதம் இருவர் கொண்ட 'நேரக் கட்டுப்பாட்டுக் குழு' அமைக்கப்பட்டது. அக்குழுவை அறிமுகப்படுத்த ஒரு சிற்றுரையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டது.

கலைகிற நேரத்தில் செபமாலைமுத்து றூபனின் தோளில் கை வைத்தார். "இன்னொண்டு, தம்பி. மேடையிலை உங்களுக்கும் ஒரு கதிரை. வீரனின் தந்தை. டொக்டருக்குப் பக்கத்திலை."

அந்த மண்டபத்துக் கதிரைகள் ஒவ்வொன்றின் பாரமும் றூபனின் தோளுக்குத் தெரியும். இருந்தால் எப்படி இருக்கும் என்று முதுகுக்குத்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்து மகனை அழைத்தார். "வா மோனை. நாலரைக்கு நானே கொண்டுபோய் விடுறன்."

"அப்பா, ஆர் யூ ஷுவர்? உங்கட ஆக்களைத் தெரியும்தானே."

"நான் சொல்லுறன்தானே."

பயிற்றுநரும் சம்மதித்தார். சனி இரவு பார்சலோனாவில் இறங்கினால், மூன்று மணி நேரம் பேருந்தில் மலை ஏறி, காலையில் மைதானத்தில் நிற்கலாம். பாவம், அவருக்கு மலைகளைத் தெரியும். நம்முடைய விழாக்களைத் தெரியாது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு விழா 'சரியாக' ஆரம்பமானது. அப்போது மண்டபத்தில் இருந்தவர்கள் றூபன், பெர்னடெற், ஜெராட், ஒலிபெருக்கிக்காரர். மூன்றரைக்கு விளக்கேற்றினார்கள். ஒரே மெழுகுதிரியை இரண்டு தலைவர்களும் சேர்ந்து பிடித்ததால் மூன்று திரி பற்றவேயில்லை. டொக்டர் கிருஷ்ணமூர்த்தி நோர்த் சேர்க்குலர் வீதியின் நெரிசலைத் திட்டியபடி வந்து சேர்ந்தார். முழங்கால் மூட்டு மாற்றுவதில் பெயர் பெற்றவர். நல்ல மனிதர். மேடையில் உட்கார்ந்ததும் அவர் ஒருவர்தான் அதைக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு ஃப்ளைட் எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு, அங்கிள்."

"அடடா! அப்ப நான் ரெண்டே நிமிஷத்துல முடிச்சுக்கிறேன்."

ஒலிவாங்கி கைக்கு வந்தது. "கோல்கீப்பர்னா எல்லாரும் கையைத்தான் பாக்கறோம். முழங்காலைப் பத்தி யாராவது யோசிச்சிருக்கோமா? இல்ல. அதனால சுருக்கமா, மூட்டு எப்படி உருவாகுதுன்னு கருவிலேருந்து ஆரம்பிக்கிறேன்."

கருவிலிருந்து மூட்டுத் தேய்மானத்துக்கு வர அரைமணி நேரமானது. நேரக் கட்டுப்பாட்டுக் குழுவின் மன்றப் பிரதிநிதி மணி அடித்தார். டொக்டரை அழைத்தது ஒன்றியம் என்பதால், ஒன்றியப் பிரதிநிதி அந்த மணியைக் கண்டித்தார். எந்தப் பேச்சாளருக்கு எவர் மணி அடிக்கலாம் என்பதைத் தீர்க்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூட்டம் கூடியது. அதற்குள் டொக்டர் முழங்காலை முடித்து கணுக்காலைத் தொட்டார்.

நாலரை தாண்டியது. ஜெராட் எழுந்தான். அவன் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்துச் சபை கைதட்டியது. அவன் உட்கார்ந்தான். ஐந்து தாண்டியது. மறுபடி எழுந்தான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். எவ்வளவு பணிவான பிள்ளை என்று பின்வரிசையில் ஒரு தாய் கண்ணைத் துடைத்தாள்.

முன்வரிசையிலிருந்து பெர்னடெற், "இஞ்சேருங்கோ! காரை எடுங்கோ! பொன்னாடையும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்!" என்று கத்தினாள். றூபன் பாதி எழும்பிவிட்டார். சத்தியமாக எழும்பினார்.

அப்போதுதான் செபமாலைமுத்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "பனியிலும் குளிரிலும் மீன் பெட்டி சுமந்து, இந்த வீரனை உலகுக்குத் தந்த எங்கள் றூபன் அவர்கள்..."

நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் றூபனின் பெயரைச் சொல்லின. அந்த மண்டபத்தில் அவர் பெயர் அதுவரை 'கதிரை காணாது, இன்னும் கொண்டுவா' என்ற செய்தியோடு மட்டுமே கூப்பிடப்பட்டிருந்தது. மார்பில் குத்திய பூ கொஞ்சம் நிமிர்ந்தது. முழங்கால்கள் தாமாகவே மடங்கி அவரைக் கதிரையில் இருத்தின.

"அப்பா, போவமா? பிளீஸ். கேட் குளோஸ் பண்ணிருவான்."

றூபன் முகத்தைச் சபையிலிருந்து திருப்பவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். இரு.

"அஞ்சு நிமிசம் மோனை. என்னைப் பற்றித்தான் சொல்லுறார்."

கோல்காப்பாளன் என்றால் சொன்ன இடத்தில் நிற்கிறவன். ஜெராட் இருந்தான்.

பொன்னாடை போர்த்தும்போது ஆறரை. இரண்டு அமைப்பு, இரண்டு பொன்னாடை. இரண்டுக்கும் படம். ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்தில் தகப்பனும் மகனும் ஓடிப் போய் நின்றபோது, கதவைச் சாத்திய பெண் பொன்னாடைகளைப் பார்த்து யாருக்குக் கலியாணம் என்று கேட்டாள். விடியற்கால விமானத்தில் போனாலும் மலை ஏறுமுன் போட்டி தொடங்கிவிடும்.

"இட்ஸ் ஓகே, அப்பா" என்றான் ஜெராட். அவன் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் றூபனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிறு மத்தியானம் முன்கள வீரரான வெதுப்பகக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றார். ஆறு கோல். வால்நேரா முதற்பிரிவிலிருந்து இறங்கியது. அடுத்த பருவத்துக்கு வேறு காப்பாளன் பார்ப்பதாகப் பயிற்றுநர் ஜெராட்டுக்கு ஒரு வரி அனுப்பினார். மாலையே மன்றமும் ஒன்றியமும் கூட்டறிக்கை விட்டன: 'எமது வீரன் இல்லாத அணி ஆறு கோல்களால் சரிந்தது. ஒரு தமிழனின் இடத்தை நிரப்ப ஒரு நாடே திண்டாடியது. இதைவிடச் சான்று வேண்டுமோ?' திரு. றூபன் அவர்களை உபதலைவராக்கும் பிரேரணை, ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது.

அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்க வீட்டில் ஆளில்லை. பெர்னடெற் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெராட் கைத்தொலைபேசியில் கோல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். றூபன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"திஸ் ஒன் ஐ சேவ், அப்பா" என்றான் மகன். அடுத்ததைப் போட்டான். "திஸ் ஒன் ஆல்சோ."

அந்த ஆறு கோல்களையும் அடித்தவர்களின் பெயர்களை லீக் முறைப்படி அறிவித்திருக்கிறது. அதில் ஒரு பிழை. முதல் கோல் முதல்நாளே விழுந்துவிட்டது. அடித்தவர் வால்நேராவின் காவலனைப் பெற்றவர். இடம், லண்டனில் ஒரு மேடை. அடித்தது காலால் அல்ல, 'இரு' என்று காட்டிய கையால். கையால் அடித்தது செல்லாது என்று ஊத அங்கே நடுவர் யாரும் இல்லை. மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.