மணல்வாளி சார் அடித்த இரும்பு இலை

நெருப்பைக் கண்டு நடுங்குகிற கொல்லர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்.

பெயர் என்னவோ, ஊருக்கு அவர் மணல்வாளி சார். நூல் மில்லில் தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு முப்பது வருட வேலை. பஞ்சுக் குவியலில் ஒரு பொறி விழுந்தால் மில்லே சாம்பல். அதனால் சிவப்பாக எது மினுங்கினாலும் யோசிக்காமல் மணலைக் கொட்டப் பழகிய கை அது. ஆயுத பூஜையன்று முதலாளி ஏற்றிய சூடத்தின் மேலேயே கொட்டியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் என் மகள் பிறந்தநாளுக்கு வாளியோடுதான் வந்தார். கீழே வையுங்கள் என்றதற்கு, "பிள்ள ஊதி அணையலேன்னா?" என்று கேட்டார்.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் ராஜிக்குத் தீயணைப்புத் துறையில் வேலை கிடைத்தது.

மூன்று நாள் அந்த வீட்டில் சரியாக அடுப்பு எரியவில்லை. போகாதே என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, போ என்று சொல்ல வாய் வரவில்லை. ராஜியும் லேசுப்பட்டவள் இல்லை.

"நீங்க போயிட்டு வான்னு சொல்லாம நான் பஸ் ஏற மாட்டேன்ப்பா."

பயிற்சியில் சேர ஒரு மாதம்தான் இருந்தது. நாலாம் நாள் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அவ தீக்குள்ள நிக்கப் போறா தம்பி. நான் தீப்பக்கமாவது செத்த நேரம் நிக்கணும்ல? நின்னுட்டேன்னா அனுப்பிருவேன்."

நிற்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி கொல்லு வேலை. போனில் வீடியோ பார்த்து, இருப்பதிலேயே சின்ன வேலையைத் தேர்ந்தெடுத்தார். கம்பி நுனியைக் காய்ச்சித் தட்டி இலையாக்கி, காம்பை வளைத்தால் சங்கிலியில் கோக்கிற டாலர். மகள் கையில் அதைக் கொடுத்து அனுப்புவதாகத் திட்டம்.

கொல்லைப்புறத்தில் சிரட்டைக் கரி, காற்றடிக்கத் தலைமுடி உலர்த்தும் மெஷின், அடித்துத் தட்டத் தண்டவாளத் துண்டு எல்லாம் வந்தன. கூடவே ஒரு தொட்டித் தண்ணீர், ஆறு வாளி மணல். அடுப்பு மூட்டுமுன் எங்கள் வீட்டுக் கொடித்துணியை எடுக்கச் சொல்வார். என் பைக்கை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்வார். எதிர்வீட்டு நாயையும் இழுத்துப் போகச் சொன்னார், அது மறுத்துவிட்டது. அவர் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டு, ஆபீசில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தேன்.

ஆனால் இலை வரவில்லை. எத்தனை அடித்தாலும் காம்பும் இலையும் சேருகிற கழுத்தில் ஒடிந்தது. மூன்றே வாரத்தில் பதினேழு இலைகள் காலி. ஒடிந்தவற்றை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அரிவாள் அடிக்கிற ஆசாரியிடம் போனோம். அவர் சாரை ஒரு கம்பி காய்ச்சச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார். கம்பி சிவக்க ஆரம்பித்த உடனே சாரின் கை அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டது. கையின் சொந்தக்காரருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"செவந்த பொறவுதான் சார் வேலையே. நீங்க அணைச்சுட்டுல்ல அடிக்கீக" என்றார் ஆசாரி.

வரும் வழியெல்லாம் சார் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மில்லுக்கு உதவிய கை இதற்கு ஆகாது என்று நினைத்திருப்பார். இவர் வாய் திறக்காவிட்டால் அந்தப் பெண் வேலையை விட்டாலும் விட்டுவிடுவாள்.

கடைசி ஞாயிறு. மறுநாள் காலை ராஜி கிளம்ப வேண்டும். அடுப்பு மூட்டியதும் அவளே தண்ணீர்த் தொட்டியையும் ஆறு வாளிகளையும் என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏட்டி, ஒண்ணையாவது வையி."

"நான் நிக்கேம்லப்பா. அது போதும்."

கம்பி சிவந்தது. சாரின் இடது கை இல்லாத வாளியைத் தேடித் துழாவியது. ராஜி அந்தக் கையைப் பிடித்துக் கம்பியின் பிடியிலேயே வைத்தாள். வலது கை சுத்தியலால் ஓர் அடி போட்டது. ஒரு பொறி பறந்து அவர் வேட்டியில் விழுந்து புகைந்தது. நான் வாளி எடுக்க என் வீட்டுப் பக்கம் திரும்பினேன். ராஜி குனிந்து இரண்டு விரலால் நசுக்கி அணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ம், அடிங்க."

சார் அவளையே பார்த்தார். பிறகு கம்பியை மறுபடி காய்ச்சி அடித்தார். நான்கைந்து முறை காய்ச்சிய பிறகு, இரண்டு அடிக்கு நடுவில், தலை நிமிராமல் சொன்னார்:

"போயிட்டு வா தாயி."

அந்த இலை வெற்றிலைபோலவும் இல்லை, வேப்பிலைபோலவும் இல்லை. ஒடியவில்லை, அவ்வளவுதான். பயிற்சியில் சங்கிலி போடக் கூடாதாம். அவள் அதைப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இப்போது எங்கள் சாலையில் தீயணைப்பு வண்டி மணியடித்துப் போனால் சார் வாசலுக்கு வந்து, அது திரும்பும் வரை அங்கேயே நிற்கிறார். ராஜிக்கு வேலை எங்கோ வேறு மாவட்டத்தில். இது அவள் வண்டி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் மணிச்சத்தம் கேட்டால் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.