பொத்தானுக்கு நான் கொடுத்த பயிற்சி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் அதே மாதிரி இருக்க வேண்டும். நான்காவதாக ஒருவரைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். கேட்பதற்குள் நானே சொல்லிவிடத்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் பாதியில் நீ அழுவாய், இல்லை நான் வைத்துவிடுவேன்.

நீ போட்ட நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. "முதல்ல என் ஆமைக்குட்டி பொத்தானை ரெண்டு மாசம் ஒழுங்கா பாத்துக்கோங்கப்பா. அப்புறம் பிரசவ லீவு முடிஞ்சு நான் வேலைக்குப் போறப்போ குழந்தையை உங்ககிட்ட விடலாமான்னு யோசிக்கிறேன்" என்றாய். முப்பத்துநாலு வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்து, அடங்காத பிள்ளைகளை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தவனுக்கு, தீப்பெட்டி அளவு ஆமையைக் கொடுத்துப் பரீட்சை வைக்கிறாளே என்று எனக்கு ரோஷம். நீ எழுதிக் கொடுத்த மூன்று பக்கக் குறிப்பை மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அடியில் வைத்தேன். மேஜை இப்போது ஆடுவதில்லை. அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் நடந்த நல்ல காரியம்.

பொத்தான் வந்த மறுநாள் பார்க்கிறேன், மணி பத்தாகியும் தூங்குகிறது. எழுந்து கீரையை நாலு கொறி கொறித்துவிட்டு மறுபடி தூங்குகிறது. சரி, இதுக்கு ஒழுக்கம்னா என்னன்னு யாரும் சொல்லிக் கொடுக்கலை போலிருக்குன்னு நினைச்சு, நடைவழியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன், நடுவே ஆறடி. காலை ஆறு மணிக்கு எழுப்பி, விசில் ஊதி, ஸ்டாப் வாட்ச்சோடு நின்றேன். முதல் நாள் நாலு நிமிஷம். மூன்றாம் நாள் மூன்றே முக்கால். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் ஓடிப் போய், "பாத்தியா முன்னேற்றத்தை!" என்றேன். "அது உங்க விசிலுக்குப் பயந்து ஓடுதுங்க" என்றாள். பயந்தால் என்ன, ஓடுகிறதே! ஆனால் நாலாம் நாளிலிருந்து இறங்குமுகம். ஆறு நிமிஷம், ஒன்பது நிமிஷம், ஒரு நாள் பாதி வழியிலேயே தலையை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. சொகுசு கூடிப்போச்சு, அதான் இந்த லட்சணம்னு நீ வச்சிருந்த சூட்டு விளக்கைக் கழட்டி அலமாரிக்குள்ள போட்டேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன், விடுதிப் பையன்களைச் சுறுசுறுப்பாக்க என்ன செய்வேனோ அதையே செய்தேன், அதாவது விடியற்காலையில் பச்சைத் தண்ணியில குளிப்பாட்டினேன். அது கண்ணை மூடிக்கிச்சு. நடிக்குதுன்னு நினைச்சேன். அப்புறம் கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கில் சின்னதாக ஒரு குமிழி வந்து வந்து உடைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பொத்தானைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

மிருக டாக்டரம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே! வெளியிலேர்ந்து சூடு கிடைச்சாத்தான் சார் இதுக்குக் கால் அசையும், தின்னது செரிக்கும். இது சோம்பேறித்தனம் இல்ல, குளிர். குட்டின்னா பாதி நாள் தூங்கத்தான் செய்யும். வீட்டுல யாரு இதைப் பாத்துக்கிறது?" என்றார். நான், உன்னிடம் மறைப்பானேன், உன் அம்மாவைக் காட்டினேன்.

டாக்டரம்மாவின் அவ்வளவு திட்டையும் அம்மாதான் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல நாலு பேருக்கு நடுவுல என்னை நீங்க முன்னால நிறுத்தினது இதுதான் முதல் தடவை" என்றாள். இறங்குகிற வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

அந்த 'சோம்பேறித்தனம் இல்ல'ங்கிற பேச்சு என்னை விடவே மாட்டேங்குது. நீ ஆறாவது படிக்கிறப்போ பள்ளிகளுக்கு இடையில ஓட்டப் பந்தயம். காலையில் எழுந்ததும் "தலை வலிக்குதுப்பா" என்றாய். ரெண்டு ரவுண்டு ஓடினா சரியாப்போயிடும்னு இழுத்துட்டுப் போனேன். கடைசியாக வந்தாய். வாத்தியார் மகளே கடைசியா என்று யாரோ சிரித்துவிட்டார்கள் என்பதற்காக, வீடு வரைக்கும் உன்னோடு பேசாமல் நடந்தேன். வீட்டில் அம்மா உன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கத்தினாள். நெருப்பாக் கொதிச்சுது. அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா தெர்மாமீட்டரை வைத்துக் காட்டியபோதும், அது சரியில்லை என்றேன். இப்போ கேக்கிறேன் கண்ணு. தப்பு என் பேரிலதான். எத்தனையோ நாள் சொல்ல வாயெடுத்து முழுங்கியிருக்கேன்.

பொத்தானுக்கு மருந்து நடக்கிறது. விளக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் உட்கார வைத்து, தண்ணீர் அதன் கழுத்துக்கு ஏறாமல் பக்கத்திலேயே இருக்கிறேன். ஆனாலும் ஒன்பது நாளாக ஒரு இலையைத் தொடவில்லை. ஆகவே நான் பரீட்சையில் தோற்றுவிட்டேன். குழந்தையை என்னிடம் விடாதே. நல்ல காப்பகமாகப் பார்த்துச் சேர்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்கு ஒரு முத்தம், அதையும் எனக்குப் பதிலாக நீயே கொடுத்துவிடு. நோய்நொடி இல்லாமல் எல்லோரும் நிறைவாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அம்மா கூச்சல் போட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பொத்தான் கீரை தின்கிறது! கொறிப்பு இல்லை, முழு இலை. இன்னொரு இலையை அம்மா கொஞ்சம் தள்ளி வைத்தாள். தானாகவே நடந்து போய் அதையும் பிடித்துக்கொண்டது. ஒன்றரை அடி, ஐம்பத்திரண்டு விநாடி. சத்தியமாக விசில் ஊதவில்லை, வாட்ச் சும்மா கையில் இருந்தது. ஆகவே மேலே காப்பகம் என்று எழுதியதைக் கணக்கில் எடுக்காதே, அது ஏதோ மனசு விட்டுப்போய் எழுதினது. குழந்தையை என்னிடமே விடு. அவள் எப்போது தூங்குவாள், எதற்கு அழுவாள், அவளுக்கு என்ன பிடிக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதையும் எழுது.